ஆறு கோப்பை வீரம்

பச்சைத் தேநீர் குடித்தால் உடல் சுறுசுறுப்பாகும் என்பது பொய்யல்ல, கணக்குதான் இடிக்கிறது. களைப்பை மூளைக்கு உணர்த்தும் அடினோசின் உட்காரவேண்டிய இடத்தில் தேநீரிலுள்ள காஃபீன் முந்திக்கொண்டு துண்டு போட்டுவிடுகிறது. களைப்பு தீர்ந்துவிடவில்லை, சேதி போய்ச் சேரவில்லை, அவ்வளவே. ஆனாலும் நெடுந்தூர ஓட்டத்திலும் சைக்கிளிலும் காஃபீன் கைகொடுப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கின்றன. 2004 தொடங்கும்வரை விளையாட்டு உலகம் அதற்கு வரம்பு கட்டி வைத்திருந்ததும் சும்மா அல்ல. அந்த ஆய்வுகளில் பெரும்பாலும் கொடுத்தது உடல் எடையில் கிலோவுக்கு 3 முதல் 6 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்குக் குறைந்தது 180. ஒரு கோப்பைப் பச்சைத் தேநீரில் இருப்பதோ சுமார் 30. ஆறு கோப்பை குடித்துவிட்டு மைதானத்துக்குப் போகிறவர் நிச்சயம் ஓடுவார். எந்தத் திசையில் என்பதுதான் கேள்வி.

“தேநீரில் தியானினும் இருக்கிறதே, மனதை ஒருமுகப்படுத்துமே” என்பார்கள். இருக்கிறது. ஆனால் ஆய்வுகளில் அதையும் பெரும்பாலும் தனியே பிரித்து, ஒரு கோப்பையில் கிடைப்பதைவிடப் பல மடங்கு கொடுத்துத்தான் பார்த்தார்கள். “அப்படியானால் காபியாகவே அளவைக் கூட்டிவிடலாம்” என்பது அடுத்த வாதம். கூட்டலாம்; கால் வேகமெடுக்கும்போது கை நடுங்கத் தொடங்கும். ஓட்டக்காரருக்கு அது பொருட்டில்லை; துப்பாக்கி சுடும் வீரருக்கும் ஊசியில் நூல் கோப்பவருக்கும் பொருட்டு. தினமும் குடிப்பவர் காலையில் பெறும் தெம்பிலும் ஒரு பங்கு, குடிக்காத இரவு உண்டாக்கிய மந்தம் நீங்குவதுதான். பச்சைத் தேநீரை ருசிக்காகக் குடிப்பவருக்கு இந்தக் கணக்கில் நஷ்டமே இல்லை. அப்படி ஒருவர் அகப்பட்டால் நல்லது.