ஃபுல் கண்ட்ரோல் அண்ணன்

திருவண்ணாமலைத் தேரடி வீதியைச் சுற்றியுள்ள லாட்ஜ்களில் எந்த அறைச் சாவி எந்த ஆணியில் தொங்குகிறது என்பது மேனேஜருக்குத் தெரியும். கம்ப்யூட்டர் விவகாரம் என்றால் மட்டும் கையைப் பிசைந்துகொண்டு சிஸ்டம் அண்ணனுக்குப் போன் போடுவார். காலையில் பூசிய விபூதி மாலைவரை கலையாத நெற்றி, தோளில் கறுப்புப் பை. அந்தப் பையை யாரும் தொடக்கூடாது. அதற்குள் இருக்கும் பென் டிரைவை வீட்டம்மாவே கண்ணால் பார்த்ததோடு சரி.

பக்தர் என்பதால் கிரிவலப் பாதையின் லிங்கங்களை வைத்தே கம்ப்யூட்டர்களுக்குப் பெயர் வைப்பார். வரவேற்பில் இருப்பது இந்திரன், பில் போடுவது குபேரன். ஃபேன் சத்தம் காதைக் கிழிப்பது வாயு. டேட்டாபேஸ் இருக்கும் பெட்டி வருணன். அதன் தலைக்கு மேல்தான் ஏ.சி. ஒழுகுகிறது. ஆன் ஆகாமலே அடம்பிடிக்கும் ஒன்றுக்கு எமன் என்று பெயர் வைத்ததில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை.

பௌர்ணமி நெருங்கினால்தான் லாட்ஜ் சாஃப்ட்வேர் படுக்கும். பதினான்கு கிலோமீட்டர் சுற்றப்போகும் கூட்டம் அறை கேட்டு மொய்க்கும் நேரம். புக்கிங் பக்கம் திறக்கும், காலி அறைகளும் தெரியும். சேவ் அழுத்தினால் 'ஆக்சஸ் டினைட்'.

"இன்னாண்ணா இது, நான் ஃபைலைத் தொறந்தா தொறக்குது. ஆன்லைன்ல மட்டும் சேவ் ஆவ மாட்டேங்குது?"

"அதுக்குப் பர்மிஷன் இல்லப்பா."

"எதுக்கு?"

"அதுக்குத்தான்!"

விளக்கம் அத்தோடு முடிந்தது. மீதியை நான் சொல்கிறேன். மேனேஜர் ஃபைலைத் திறக்கும்போது விண்டோஸ் பார்ப்பது மேனேஜரின் கணக்கை. புக்கிங் பக்கம் வழியாக வந்து கேட்பதோ ஐ.ஐ.எஸ். என்கிற வெப் சர்வர். அதற்கு 'ஆப் பூல்' பெயரில் தனிக் கணக்கு உண்டு. டேட்டாபேஸ் கிடக்கும் ஃபோல்டரில் அந்தக் கணக்குக்கு எழுதும் உரிமை வேண்டும். இவர்களுடையது பழைய ஆக்சஸ் டேட்டாபேஸ். ஃபைலுக்கு மட்டும் உரிமை கொடுத்தால் அது திருப்திப்படாது. திறந்ததுமே பக்கத்தில் ஒரு பூட்டுக் கோப்பை உருவாக்கப் பார்க்கும். அதனால் ஃபோல்டருக்கே உரிமை தரவேண்டும். செக்யூரிட்டி டேபில் ஆப் பூல் பெயரைச் சேர்த்து 'மாடிஃபை' டிக் அடித்தால் தீர்ந்தது.

சிக்கல் பெயரைச் சேர்ப்பதில்தான். முழுப் பெயரையும், நடுவில் இருக்கும் சாய்கோடு உட்பட, எழுத்துப் பிசகாமல் அடிக்கவேண்டும். பிசகினால் 'நேம் நாட் ஃபவுண்ட்' என்று முகத்தில் அடிக்கும். அண்ணன் இரண்டு முறை அடிவாங்கிவிட்டுக் கண்ணை மூடுவார். பிறகு 'எவ்ரிஒன்' என்று தட்டுவார். ஆங்கிலத்தில் எட்டு எழுத்து. ஐந்தெழுத்து ஓதும் ஊரில் அண்ணனுக்கு மட்டும் எட்டெழுத்து மந்திரம். பலிக்காமல் போனதே இல்லை. அடுத்து 'ஃபுல் கண்ட்ரோல்' டிக். "இப்போ சேவ் பண்ணு." சேவ் ஆகும்.

இத்தனைக்கும் இவர் தினமும் கோயிலுக்குப் போகிறவர். 217 அடி ராஜகோபுரத்துக்குள் ஊரே நுழையலாம். உள்ளே போகப் போக வரிசை இறுகும், கருவறைக்குள் சிவாச்சாரியார் மட்டும். அந்த எல்லையை ஒரு அடி தாண்டினவரைப் பார்த்துவிட்டால் அண்ணனுக்கு வரும் கோபம் இருக்கிறதே! சர்வர் முன் உட்கார்ந்ததும் கருவறைக் கதவைக் கழற்றித் தேரடி வீதியில் சாய்த்துவைப்பவரும் இவரேதான்.

லினக்ஸில் கதை வேறில்லை. படிக்க 4, எழுத 2, இயக்க 1. மூன்றையும் கூட்டினால் 7. உரிமையாளருக்கு, குழுவுக்கு, மற்ற எல்லோருக்கும் என்று மூன்று இலக்கம். அண்ணன் எப்போதும் 777. "ராசியான நம்பர்ப்பா, ஏழேழு ஜென்மத்துக்கும் தொறந்தே இருக்கும்."

டேட்டாபேஸ் கிடக்கும் அந்த ஃபோல்டரில் இருப்பது வெறும் அறைக் கணக்கு என்றால் போகட்டும். தங்கியவர்களின் ஆதார் நகல் இருக்கிறது. ரமணாசிரமத்துக்கு வரும் வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர்கள் விவரத்தை அரசுக்கு அனுப்பவேண்டும். அதற்காக ஸ்கேன் செய்த பாஸ்போர்ட்டுகளும் அங்கேதான். இந்திரனிலிருந்து பார்க்க வசதியாக அண்ணன் அதை ஷேர் செய்து, பாஸ்வேர்டு கேட்பதையும் அணைத்திருந்தார். ஒருநாள் மூன்றாம் மாடியிலிருந்து ஒருவர் இறங்கிவந்து, "உங்க வைஃபைல சினிமா ஏதாச்சும் இருக்கான்னு பார்த்தேன். என் பாஸ்போர்ட்தான் இருந்தது" என்றார். மேனேஜர் அவருக்குக் காபி வரவழைத்தார்.

அந்த வாரம் இன்ஜினீயரிங் படிக்கும் மேனேஜரின் அக்கா மகன் லீவுக்கு வந்தான். எவ்ரிஒன்னை நீக்கினான். ஷேரிங்கை நிறுத்தினான். ஆப் பூல் பெயரை முழுசாக அடித்து 'மாடிஃபை' மட்டும் கொடுத்தான். புக்கிங் நன்றாகவே ஓடியது.

அடுத்த பௌர்ணமிக்கு ஊருக்குள் வண்டி விடவில்லை. அண்ணன் வீட்டிலிருந்தபடி எனிடெஸ்கில் நுழைந்து, 'சும்மா ஒரு செக்கப்' என்று செக்யூரிட்டி டேபைத் திறந்திருக்கிறார். உடனே போன்.

"யாருப்பா சிஸ்டத்துல கைவெச்சது? எவ்ரிஒன்னைக் காணோமே!"

"அக்கா பையன் எடுத்துட்டாண்ணா. ஆனா நல்லாத்தான் ஓடுது..."

"நான் சொல்லாம யாரும் தொடக்கூடாதுன்னு எத்தினி வாட்டி சொல்லிக்கிறேன்? இப்போ திரும்பப் போட்டுட்டேன். ஜிபேல ஐந்நூறு அனுப்பிடு."