இருக்கை இலக்கணம்: ஜவுளிக்கடை இயல்

பணியிட இடர் இருவகைப்படும்: சுவரில் ஒட்டியது, ஒட்டாதது. ஒட்டியதாவது, அவசர வழி காட்டும் அம்புக்குறியும், மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு நாளில் எடுக்கும் உறுதிமொழியும் போல்வன சுட்டுவது. இவற்றை ஆய்வாளர் பார்ப்பார். ஆகவே முதலாளியும் பார்ப்பார். மேற்கொண்டு உரை வேண்டா.

ஒட்டாதது நால்வகை: நிற்றல், அடக்கல், சிரித்தல், கேமரா. 'கேமரா பொருளன்றோ, வினையாவது எங்ஙனம்?' எனின், தரைத்தளத்தில் உட்கார்ந்தவரை மூன்றாம் மாடியிலிருந்தே எழுப்பிவிடுமாகலின் அது வினையே என்க. அடக்கலாவது, கழிவறை மாடியில் இருப்பதாலும் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்பதாலும் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருப்பது. சிறுநீர்த் தொற்று இதன் பயன். சிரித்தல் வெளிப்படை.

இவற்றுள் நிற்றலே தலையாயது. அது சும்மா நிற்றல், சாய்ந்து நிற்றல், ஒற்றைக்காலில் நிற்றல் என விரியும். சாய்ந்து நிற்றல் குற்றம். ஒற்றைக்காலுக்கு எடுத்துக்காட்டு: ஆடித் தள்ளுபடி, மாலை ஏழு மணி. கவுண்டரில் புடவைகள் மலையாகக் கிடக்க, "மயில் கழுத்து கலர்ல வேற பார்டர் இல்லையாம்மா?" என்கிறார் வந்தவர். "இருக்கு மேடம்" என்று சிரித்தபடியே விற்பனைப் பெண் செருப்பைக் கழற்றிய வலது பாதத்தால் இடது கெண்டைக்காலைத் தேய்த்துக்கொள்கிறாரே, அது. கவுண்டர் மறைப்பதால் வாங்குவோர் கண்ணுக்கு இது தெரியாது. நடந்தால் கெண்டைக்கால் தசை இரத்தத்தை மேலே தள்ளும். நின்ற இடத்திலேயே நின்றால் இரத்தம் கீழே தேங்கி, சிரை புடைத்துச் சுருளும். 'நரம்பு சுருட்டிக்கிச்சு' என்பது வழக்கு.

இனி இருக்கை. தொழிற்சாலையில் நின்று வேலை செய்வோர் இடையிடையே உட்கார வசதி வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே 44ஆம் பிரிவில் சொல்லிவிட்டது. கடைகளை விட்டுவிட்டது; கடையில் நிற்கும் காலுக்கு வலி தாமதமாக வரும் என்று எண்ணினர் போலும். கோழிக்கோட்டுக் கடைப் பெண்கள் 'பெண்கூட்டு' என்று திரண்டு முதலில் கழிவறை கேட்டார்கள், பிறகு நாற்காலி கேட்டார்கள். கேரளம் 2018இல் தன் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ பிரிவைச் சேர்த்தது. ஊழியர் அனைவருக்கும் இருக்கை வேண்டும், நாள் முழுக்க நிற்க வைக்கக் கூடாது என்பது அதன் சாரம்.

அதன்பின் தோன்றிய இருக்கைகளுள் சில: ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் முளைப்பது, பண்டில் வைக்கப் பயன்படுவது, உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சில் முட்டுவது. கல்லாவில் கிடக்கும் சுழல் நாற்காலி இவ்வியலில் அடங்காது. உண்மை இருக்கை அரிது. அது மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆவதன்று, ஆள் எண்ணிக்கையால் ஆவது. மூவர் நிற்க வேண்டிய கவுண்டரில் ஒருவரை நிறுத்திவிட்டுத் தேக்கு நாற்காலியே போட்டாலும் அவர் எப்போது உட்காருவார்? இதைச் சட்டம் சொல்லவில்லை, முதலாளிக்குத் தெரியும்.

நலம் என்பது மேற்கூறியவற்றைத் தீர்க்காமல் செய்யப்படும் யாவும். யோகா நாள் பாய், பிறந்தநாள் கேக், ஊக்கப் பேச்சாளர். இவர் மேடையேறியதும் சொல்லும் முதல் சொல், "எல்லாரும் எழுந்து நில்லுங்க!" தீபாவளி போனஸ் நலத்தில் சேராது. சட்டத்தின் வரம்புக்குள் வருவோருக்குக் குறைந்தது 8.33 சதவீதம் கொடுத்தே தீர வேண்டிய கடன் அது. கூடவே தரும் ஸ்வீட் பாக்ஸே நலம்.

அடுத்த முறை புடவை எடுக்கப் போவோர் கவுண்டருக்குப் பின்னால் ஒருமுறை எட்டிப் பார்க்கவும். ஸ்டூல் இருந்தால், அதன்மேல் என்ன அடுக்கியிருக்கிறது என்றும் கேட்கவும்.