பெட்டிக்குள் எலி

கல்முனையில் மனிதருக்கு வருத்தம் வந்தால் போவதற்கு இரண்டு ஆதார வைத்தியசாலைகள் உண்டு. அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையா, வடக்கு வைத்தியசாலையா என்று வீட்டில் ஒரு சின்ன மாநாடே நடத்தலாம். ஹாட் டிஸ்க்குக்கு வருத்தம் வந்தால் அந்த வசதி இல்லை. பிரதான வீதியில் போட்டோக்கொப்பி மெஷினுக்கும் போன் கவர் தொங்கும் கம்பிக்கும் நடுவில் ஒரு தம்பி இருப்பார். டிஸ்க்கைக் கையில் வாங்குவதற்கு முன்பே "ஃபோமட் அடிச்சா சரி" என்பார். உள்ளே இருக்கிற படங்கள் என்னாகும் என்று கேட்டால்தான் அவர் முகத்தில் ஒரு வைத்தியக் களை வரும்.

"டேட்டா வேணும் எண்டா கொழும்புக்கு அனுப்பணும் காக்கா."

கொழும்பில் கேட்கிற தொகையைக் கேட்டவர்கள், போன கலியாணம் போனதுதான், இன்னொரு கலியாணம் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளலாம் என்ற முடிவுக்கு வந்துவிடுவார்கள்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து சேருவார். நான் மருதமுனைக்கு வந்து சேர்ந்தபோது என்னோடு வந்த பெட்டி ஒரு டெஸ்க்டொப் கொம்பியூட்டர். பகலில் அது நல்ல பிள்ளை. தெருவில் மோட்டார் சைக்கிள், முச்சக்கரவண்டி, மீன்காரரின் ஹோன் எல்லாம் போகிற வரைக்கும் அதன் குரல் எடுபடாது. இஷாத் தொழுகை முடிந்து ஊர் அடங்கி, கடல் மட்டும் கேட்கத் தொடங்கிய பிறகு அது தன் வேலையை ஆரம்பிக்கும். கரகரவென்று ஒரு சுரண்டல், ஒரு 'டக்', கொஞ்ச நேரம் மௌனம், மறுபடி 'டக்'.

மாமி என்னோடு நேரே பேசமாட்டார். மருமகனுக்குச் சொல்ல வேண்டியதை மகளிடம், மருமகனுக்குக் கேட்கிற அளவு சத்தமாகச் சொல்வார். "புள்ள, உன்ட மாப்புள்ளட பொட்டிக்குள்ள எலி பூந்திரிக்கி போல."

மறுநாள் இரவு பெட்டிக்குப் பக்கத்தில் பூனை விடப்பட்டிருந்தது. பூனைக்கு அந்தப் பெட்டியின் இளஞ்சூடு பிடித்துப்போயிற்று. மேலே ஏறிப் படுத்து, காற்றுப் போகிற துவாரங்களை வயிற்றால் மூடிக்கொண்டு குறட்டை விட்டது. எலியைப் பிடிக்கும் உத்தேசம் அதற்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

விஷயத்தைத் தீர்த்துவைத்தவர் மாமா. அவர் வாழ்நாளெல்லாம் தறியில் இருந்தவர். மருதமுனைச் சாரன் என்றால் நாடு முழுக்கத் தெரியும், அதை நெய்தவர்களின் காது எப்படிப்பட்டது என்பது எங்களுக்குத்தான் தெரியும். மூன்றாம் வீட்டில் தறி ஓடுகிற சத்தத்தை வைத்தே எந்த இழை அறுந்தது என்று சொல்வார்கள். மாமா பூனையை இறக்கிவிட்டு, பெட்டியில் காதை வைத்துக் கண்ணை மூடினார்.

"எலி இல்ல. தறி நாடா மாதிரி ஒண்டு போய்ப் போய்த் திரும்புது. எதையோ தேடுது, கிடைக்கல்ல. திரும்ப முதல்ல இருந்து தேடுது."

இதற்கு மேல் துல்லியமாக எந்தப் பொறியியலாளரும் சொல்லமுடியாது. ஹாட் டிஸ்க்குக்குள் பளபளவென்று தட்டுகள் சுழல்கின்றன. டெஸ்க்டொப்பில் இருப்பது பெரும்பாலும் நிமிடத்துக்கு 7,200 சுற்று, அதாவது செக்கனுக்கு 120. தட்டின் விளிம்பு ஓடும் வேகத்தைக் கணக்குப் பார்த்தால் மணிக்கு 130 கிலோமீற்றர் அளவில் வருகிறது. கொழும்புக்குப் போகும் இரவு பஸ் சாரதிகூட அந்த வேகத்தை வெளியில் ஒப்புக்கொள்ளமாட்டார். அந்தத் தட்டுக்கு மேல், சில நனோமீற்றர் உயரத்தில், தொடாமல் மிதந்துகொண்டு ஒரு தலை எழுதுகிறது, வாசிக்கிறது. ஒரு நனோமீற்றர் என்பது மில்லிமீற்றரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் வரும் ஒரு துண்டு. தான் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைத் தட்டிலேயே எழுதிவைத்திருக்கும் அடையாளங்களைப் பார்த்துத்தான் தலை அறிந்துகொள்ளும். அந்த அடையாளம் தெரியாமற் போனால் தொடக்க இடத்துக்குத் திரும்பிப்போய், மறுபடி வந்து தேடும். மாமா கேட்ட 'டக்' அதுதான்.

டிஸ்க்கின் சத்தத்தை நாம் கேட்கிறோம், சரி. டிஸ்க்கும் நம்மைக் கேட்கும் என்று சொன்னால் மாமி மகளிடம் என்ன சொல்லியிருப்பாரோ. 2008 இறுதியில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் பொறியியலாளர் பிரண்டன் கிரெக், வேலைசெய்துகொண்டிருந்த டிஸ்க் அடுக்குகளுக்கு முன்னால் நின்று தொண்டை கிழியக் கத்தினார். திரையில் டிஸ்க்குகளின் தாமத வரைபடம் துள்ளிக் குதித்தது. அதட்டினால் வேலை மெதுவாகும் என்பதை அரச அலுவலகங்களில் நாம் ஏற்கனவே அறிந்திருந்தாலும், இயந்திரத்தில் அதை நிரூபித்தவர் அவர்தான். 2016 செப்டெம்பரில் ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் ஐஎன்ஜி வங்கி, தரவு நிலையத்தில் தீயணைப்பு வாயுவைப் பரிசோதித்தது. தீயும் இல்லை, தண்ணீரும் இல்லை. வாயு பீறிட்டு வந்த இரைச்சலிலேயே டிஸ்க்குகள் செத்துப்போய், வங்கிச் சேவை ஏறத்தாழ பத்து மணித்தியாலம் நின்றது. ஜெனற் ஜக்சனின் 'ரிதம் நேஷன்' பாட்டைப் போட்டால் சில பழைய மடிக்கணினிகள் படுத்துவிடும் என்றும், பக்கத்தில் இருக்கும் வேறு மடிக்கணினியும் சேர்ந்து படுக்கும் என்றும் மைக்ரோசொஃப்ட்டின் ரேமண்ட் சென் 2022இல் எழுதினார். அந்தப் பாட்டில் இருந்த ஓர் அதிர்வு, டிஸ்க்கின் இயல்பான அதிர்வோடு ஒத்துப்போனதுதான் காரணமாம்.

எங்கள் ஊரில் கலியாண வீட்டு ஸ்பீக்கருக்கு வீதியின் இரண்டு பக்க ஜன்னல்களும் அதிரும். நாகூர் ஹனிபாவின் குரல் இந்தக் கரையில் எத்தனை ஆயிரம் டிஸ்க்குகளைக் கடந்து போயிருக்கும்! அதனால் ஒன்றாவது மௌத்தானதாகத் தகவல் இல்லை. ஈமான் உள்ள டிஸ்க்குகள்.

சூடும் டிஸ்க்குக்கு ஆகாது என்று எல்லோரும் நம்புகிறோம். ஆகவே, வீட்டில் ஒரே ஒரு டேபிள் ஃபேன் இருந்தால், அது கொம்பியூட்டரின் திறந்த விலாவைப் பார்த்துத்தான் சுற்றும். மனிதர்கள் சாரனால் விசிறிக்கொள்வார்கள். கூகிள் பொறியியலாளர்கள் லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து 2007இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மிக அதிகச் சூட்டைத் தவிர்த்துப் பார்த்தால், சூட்டுக்கும் சாவுக்கும் நாம் நினைத்த அளவு தொடர்பு இல்லையாம். குளிர்ச்சியாக இருந்த டிஸ்க்குகள் சில வேளை அதிகமாகவே போயிருக்கின்றன. இதை வீட்டில் வாசித்துக் காட்டினேன். ஃபேன் மாமியின் பக்கம் திரும்பியது. கூகிளால் எங்கள் வீட்டுக்குக் கிடைத்த முதல் நன்மை.

இந்தக் கரையில் உண்மையான எதிரி உப்புக் காற்று. டிஸ்க்கின் அடியிலுள்ள பச்சைப் பலகைக்கும் உள்ளே போகும் இணைப்புக்கும் நடுவே சின்னச் சின்னத் தொடுபுள்ளிகள் இருக்கின்றன. அவை கறுத்துப்போனால் டிஸ்க் ஆளை அடையாளம் தெரியாதது மாதிரி நடிக்கும். நல்ல கடைத் தம்பி என்றால் பலகையைக் கழற்றி, பள்ளிக்கூடப் பிள்ளையின் அழிறப்பரால் அந்தப் புள்ளிகளைத் தேய்ப்பார். சில டிஸ்க்குகள் அப்படியே எழும்பி உட்காரும். கொழும்பின் பெரிய தொகை இல்லாமல் ஐம்பது ரூபாய் றப்பரோடு முடிகிற வைத்தியம் இது. டிஸ்க்கைப் பொலித்தீனில் சுற்றி ஃப்ரீஸருக்குள் வைப்பது இன்னொரு பரம்பரை வைத்தியம். பக்கத்து வீட்டில் செய்தார்கள். வெளியே எடுத்ததும் அதில் ஈரம் பனித்தது, சூடை மீன் மணத்தது, படம் மட்டும் வரவில்லை.

பிறகு கரண்ட். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. எழுத்து எழுத்தாய் வலயம் பிரித்து அட்டவணை போட்டார்கள், நாட்டிலே ஒழுங்காக நடந்த ஒரே அட்டவணை அது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடே இருண்டது. கரண்ட் திடீரென்று போகும்போது டிஸ்க் ஒரு நல்ல காரியம் செய்யும். சுழன்றுகொண்டிருக்கும் தட்டின் வேகத்திலிருந்தே கொஞ்சம் மின்சாரம் எடுத்து, தலையைப் பத்திரமான இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும். ஒரு டிஸ்க்குக்கு இருக்கும் இந்த முன்யோசனை ஒரு நாட்டுக்கு இருந்திருந்தால் என்று எழுதத் தோன்றுகிறது, எழுதவில்லை. தலை தப்பினாலும் பாதி எழுதிய ஃபைல் தப்பாது என்பதையும் சொல்லவேண்டும்.

விலைவாசிக்கும் ஒரு வார்த்தை. 2011 ஜனவரியில் எங்கள் அம்பாறை மாவட்டத்தையே வெள்ளம் மூழ்கடித்தது, டிஸ்க் விலை ஒரு சதம் அசையவில்லை. அதே வருடம் ஒக்டோபரில் தாய்லாந்தில் வெஸ்டர்ன் டிஜிட்டல் தொழிற்சாலைக்குள் வெள்ளம் போனது, உலகமெங்கும் டிஸ்க் விலை ஏறியது. நம் வெள்ளத்துக்கு உலகச் சந்தையில் மதிப்பில்லை.

இத்தனையும் சொன்ன பிறகும், சத்தம் போடும் டிஸ்க்மீது எனக்குக் கோபம் கிடையாது. அது மரியாதை தெரிந்த டிஸ்க். போகப்போகிறேன் என்று இரவிரவாகச் சொல்லிவிட்டுப் போகிறது. பயப்படவேண்டியது அமைதியானதற்கு. அதே கூகிள் ஆய்வில், செத்துப்போன டிஸ்க்குகளில் மூன்றில் ஒன்றுக்கும் மேலானவை, தங்களைத் தாங்களே கண்காணிக்கும் ஏற்பாட்டில் ஓர் எச்சரிக்கைகூடத் தராமல் போயிருந்தன. எச்சரித்தவற்றின் கதை வேறு. பரிசோதனையில் முதல் பிழை தெரிந்த டிஸ்க், அடுத்த 60 நாளுக்குள் போவதற்கு மற்றவற்றைவிட 39 மடங்கு வாய்ப்பு. 2009 தொடக்கத்தில் சீகேட் நிறுவனத்தின் ஒரு டிஸ்க் வரிசை உலகமெங்கும் பேசப்பட்டது. தட்டும் நலம், தலையும் நலம், உள்மென்பொருளில் ஒரு கோளாறு. இரவு நன்றாகத் தூங்கிய டிஸ்க் காலையில் எழும்பாது. ஒரு 'டக்' கூடக் கிடையாது.

சாய்ந்தமருதுப் பக்கம் எனக்குத் தெரிந்த ஸ்டூடியோக்காரர் ஒருவர் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். கலியாணங்கள், கத்னா வீடுகள், ஒரு தேர்தல் கூட்டம் எல்லாம் அவரிடம் ஒரே டிஸ்க்கில் இருந்தன. கொப்பி எடுத்து வையுங்கள் என்றேன். எடுத்தார். எங்கே வைத்தீர்கள் என்று கேட்டதற்கு, அதே டிஸ்க்கில் புது ஃபோல்டர் ஒன்று திறந்து, 'மிக முக்கியம்' என்று பெயர் போட்டு வைத்திருப்பதாகச் சொன்னார்.

எங்கள் பெட்டியில் எலிச் சத்தம் கேட்ட அந்த வாரமே மாமாவின் புகழ் பரவிவிட்டது. பொடியன்மார் டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். வயரைப் பொருத்திக் கொடுத்தால் மாமா காதை வைப்பார். கட்டணம் ஒரு பிளேன்ரீ. "இது இன்னும் கொஞ்ச நாளைக்கு ஓடும்", "இதுக்கு இண்டைக்கே கொப்பி எடு மனே" என்று தீர்ப்புச் சொல்வார். அநேகமாகப் பலிக்கிறது.

போன கிழமை ஒரு பொடியன் புதிதாக வாங்கிய எஸ்எஸ்டி ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினான். தட்டும் கிடையாது, தலையும் கிடையாது, உள்ளே சிப் மட்டும். மாமா காதை வைத்தார். மறு காதையும் வைத்தார். கழற்றி உள்ளங்கையில் நிறுத்துப் பார்த்தார். காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார்.

"மனே," என்றார் கவலையோடு, "உள்ள ஒண்டுமே இல்ல. பில் இரிக்கா? ஓடிப்போய்க் காசைத் திருப்பி வாங்கு."