தொங்கு சட்டியும் ஆட்டின் உயரமும்: கதிரவெளியை முன்வைத்து ஓர் ஆய்வு

மட்டக்களப்பு மாவட்டத்துக் கதிரவெளியில் பெருங்கற்கால ஈமச் சின்னங்கள் உண்டு. தொல்லியலார் அவற்றைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். மண்ணுக்குக் கீழே கிடக்கும் சட்டிக்கு உள்ள மரியாதை, மண்ணுக்கு மேலே தொங்கும் சட்டிக்கு இதுவரை கிடைக்கவில்லை. அவ்வூரில் என் பெரியம்மா வீட்டு விறாந்தையில் பதினொரு சோடாப் போத்தல்கள் மூன்று அடுக்காகத் தொங்குகின்றன. வல்லாரை, பொன்னாங்காணி, கொச்சிக்காய்க் கன்று. கட்டுரையின் ஆய்வுப்பரப்பு இவ்வளவே.

செடி வளரும் சுவர் கட்டும் முறைக்கு 1938இல் காப்புரிமை பெற்றவர் இலினோய்ப் பேராசிரியர் ஸ்டான்லி ஹார்ட் வைட். பின்னாளில் தோட்டத்தை உயரே ஏற்றுவது பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதற்கு ஒரே காரணத்தையே சொல்வார்கள்: நிலம் போதாது. (பாபிலோன் தோட்டம் உண்மையில் தொங்கவில்லை, படிப்படியாக அடுக்கியதுதான் என்கிறார்கள். எனவே தள்ளுபடி.) பெரியம்மாவின் வளவில் தென்னை நிற்கிறது, கிணறு இருக்கிறது, மிச்சத்தில் பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடுகிறார்கள். நிலம் போதாது என்று அங்கே நின்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எமது கருதுகோள் வேறு. தொங்கு தோட்டத்தின் மூதாதை உறி. எருமைத் தயிருக்குப் பேர்போன மட்டக்களப்பில் இதை விளக்கத் தேவையில்லை. தயிர்ச்சட்டி உறியில் ஏறியது குசினியில் இடமில்லாததால் அல்ல, பூனையால். அதே நியாயத்தில் வல்லாரை உயரே போனது ஆட்டால். பின்னங்காலில் நின்ற ஆடு எட்டும் இடத்தை விறாந்தைத் தூணில் கரியால் குறித்தோம்: மூன்றரை முழம். கோட்டுக்குக் கீழே தொங்கியவற்றில் தண்டு மட்டும் மிச்சம், மேலே இலை. இதற்கு மேலும் சான்று கேட்பவர் ஆடு வளர்க்காதவர்.

செய்முறை வருமாறு. ஒன்றரை லீற்றர்ப் போத்தலைப் படுக்கவைத்து, விலாவில் ஒரு சாண் நீளத்துக்கு வெட்ட வேண்டும். அடியில் சூடாக்கிய ஆணியால் நாலைந்து துளை. இத்துளைகளின் வழியே மேல்போத்தல் குடித்து மிஞ்சிய தண்ணீர் கீழ்ப்போத்தலுக்கு வடியும். வெளியே தீந்தை பூசாவிட்டால் வெயில் உள்ளே புகுந்து பாசி பிடிக்கும். கடற்கரை மணலை மட்டும் நிரப்பினால் பாரம் கூடும், ஈரம் நிற்காது. தும்புத்தூளும் மக்கிய மாட்டெருவும் சேர வேண்டும். கயிறு, கொட்டில் தூணில் சும்மா கிடந்தது. இரண்டு பாகம் நீளம், நைலோன், நல்ல உறுதி.

ஆட்டின் எல்லையைத் தாண்டியதும் செடிக்கு வேறு பகைவர் வாய்க்கிறார்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் காலையில் ஊற்றிய தண்ணீர் மத்தியானத்துக்குள் காணாமற் போகும். தரையில் நிற்கும் செடிக்கு வேரடியில் கொஞ்சமாவது ஈரம் மிஞ்சும், அந்தரத்தில் தொங்குவதற்கு அதுவுமில்லை. மாரியில் எதிர்மாறு: துளை அடைத்தால் போத்தல் குளமாகும், குளத்தில் நுளம்பு வரும், நுளம்புக்குப் பின்னால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பீ.எச்.ஐ.) வருவார். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் நுளம்பு பெருக இடங்கொடுப்பவரைத்தான் பிடிக்கும். ஆட்டை ஒன்றும் செய்யாது.

அரசியல் வரலாற்றையும் தொட்டுச் செல்வோம். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைப்பட்டது. உரமில்லாத அந்த மாதங்களில் பழைய யூரியாப் பைக்குத் திடீர் மவுசு: பக்கமெல்லாம் ஓட்டை போட்டு மண் நிரப்பினால் ஒரே பையில் இருபது கன்று நிற்கும். நவம்பரில் தடை நீங்கியது. அடுத்த ஆண்டு ஜூனில், வீட்டுத்தோட்டம் செய்யட்டும் என்று அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுக்க அமைச்சரவை முடிவெடுத்தது. ஆட்டுக்கு ஏழு நாளும் வேலைநாள் என்பதை அமைச்சரவை கவனித்ததாகத் தெரியவில்லை.

முடிவுகளைப் பெரியம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். மூன்றரை முழக் கோட்டை ஒருமுறை பார்த்தார்.

"ஆட்டக் கட்டிப் போட்டாச் சரிதானே மனே."

ஏன் கட்டவில்லை என்று கேட்டேன்.

"கட்டுறதுக்குக் கயிறு எங்க கிடக்கு? அதத்தானே போத்தலுக்கு எடுத்த நீ."