கெண்டைக்கால் காண்டம்

டெல்லி லக்ஷ்மிபாய் நகரில் எங்கள் குவார்ட்டர்ஸ் மேல் மாடியில் இருக்கிறது. லிஃப்ட் கிடையாது. ஐஎன்ஏ மார்க்கெட்டில் முருங்கைக்காய், சின்ன வெங்காயம், வாழைக்காய், இரண்டு தேங்காய் என்று வாங்கிக்கொண்டு இந்தப் படிகளைப் பல வருஷமாக ஏறிக்கொண்டிருக்கிறேன். கால் என்று ஒன்று இருப்பதையே நினைத்ததில்லை. சுத்த சைவமான எங்கள் வீட்டில் இத்தனை நாளாக ஒரு ஜோடி கெண்டை இருந்துவந்தது போன நவம்பரில்தான் எனக்குத் தெரிந்தது.

தெரியவைத்தது ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. மாத்திரைதானா என்பதில்தான் வழக்கு.

வருஷாந்திர மெடிக்கல் செக்கப்பில் எல்டிஎல், அதாவது கெட்ட கொலஸ்ட்ரால், 174 என்று வந்தது. டாக்டர் அதைவிட என் அப்பாவைப் பற்றித்தான் அதிகம் கேட்டார். அப்பா அறுபத்தொரு வயதில், மாயவரத்து வீட்டுத் திண்ணையில், காபி டம்ளரைக் கீழே வைத்தவர் அப்படியே போய்விட்டார். அதைச் சொன்னதும் டாக்டர் பேனாவை எடுத்தார். அடோர்வாஸ்டாடின் 10 மில்லிகிராம், இரவு ஒன்று.

நம் ஊரில் மாத்திரையை அட்டையாகக் கொடுப்பார்கள், பாதி அட்டை வேண்டுமென்றால் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுப்பார்கள். விளக்கச் சீட்டெல்லாம் நம் கைக்கு வருவது அபூர்வம். என் போதாத வேளை, கடைக்காரர் எனக்காகப் புது டப்பா பிரித்தார். உள்ளே பதினாறாக மடித்த காகிதம். முப்பத்தொரு வருஷம் ஃபைல் பார்த்தவன் நான், ஒரு நோட்டைக் கடைசி வரி வரை படிக்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

தசைவலி. மூட்டுவலி. தூக்கமின்மை. கெட்ட கனவு. மறதி. மலச்சிக்கலும் பேதியும், எதிரெதிர் கட்சிகள் ஒரே மேடையில் ஏறியது மாதிரி அருகருகே. படித்து முடித்தபோது மணி பத்தரை. பயபக்தியுடன் முதல் மாத்திரையைப் போட்டுக்கொண்டேன்.

மூன்றாம் நாள் கெண்டைக்கால் வலித்தது. ஐந்தாம் நாள் கனவில் இண்டர்னல் ஆடிட் வந்தது. எட்டாம் நாள் கல்யாண நாளை மறந்தேன்.

"பார்த்தியா, மறதி. சீட்டில் போட்டிருக்கான்" என்றேன் மனைவியிடம்.

"அதை நீங்க 1994லேர்ந்து மறந்துண்டிருக்கேள். மாத்திரை போன வாரம்தான் வந்தது."

டெல்லிக் காலனியில் ஒருவனுக்குக் கால் வலி என்றால் பிளாக் முழுவதும் வைத்தியம் பார்க்கும். கீழ் வீட்டு சர்தார்ஜி மாத்திரையைக் கடாசச் சொன்னார். தினமும் காலையில் லௌக்கி ஜூஸ், அதாவது சுரைக்காய்ச் சாறு, கொலஸ்ட்ரால் ஓடியே போய்விடும் என்றார். இதைச் சொல்லும்போது அவர் கையில் வெண்ணெய் வழியும் பராட்டா இருந்தது. எனக்கோ வேறு ஞாபகம். 2010இல் இதே டெல்லியில் ஒரு விஞ்ஞானி கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து இறந்துபோனார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நிபுணர் குழு போட்டு, கசந்தால் குடிக்காதே என்று சொல்ல வேண்டி வந்தது. இயற்கை வைத்தியத்தில் பக்க விளைவே கிடையாது என்று யாராவது ஆரம்பித்தால் நான் சுரைக்காயைத்தான் நினைத்துக்கொள்வேன்.

இயற்கை என்று பார்த்தால் என் மாத்திரையின் பூர்வீகமும் அதுதான். ஜப்பானின் அகிரா எண்டோ ஆறாயிரம் பூஞ்சைகளைச் சோதித்து, 1973இல், கியோட்டோவில் ஒரு தானியக் கடை அரிசியில் பூத்த பூஞ்சையிலிருந்து ஸ்டாடின் என்ற இந்த வகையின் முதல் மருந்தைப் பிரித்தெடுத்தார். 2024இல், தொண்ணூறு வயதில் காலமானார். இதை நான் வியந்து சொல்லிக்கொண்டிருந்தபோது, மனைவி குளிர்சாதனப் பெட்டியின் பின்வரிசையிலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்து முகர்ந்து பார்த்து, "இதையும் ஜப்பானுக்கு அனுப்பலாமா?" என்றாள். மூன்று வாரத்து அரைத்துவிட்ட சாம்பார்.

கால் விட்டபாடில்லை. டாக்டரிடம் போனேன்.

"எந்தக் கால்?"

"வலது."

"மாத்திரைக்கு வலது இடது தெரியுமா?"

இந்த மருந்தால் வருகிற தசைவலி பெரும்பாலும் இரண்டு பக்கமும் சேர்ந்தே வருமாம், அதுவும் தொடை, இடுப்பு மாதிரி பெரிய தசைகளில். என் வலி தேங்காய்ப் பை தொங்கும் பக்கத்தில் மட்டும் குடியிருந்தது. ஆனாலும் அவர் சிரித்து அனுப்பிவிடவில்லை. சிபிகே, தைராய்டு, வைட்டமின் டி மூன்றையும் பார்க்கச் சொன்னார். தசை நிஜமாகவே சிதைந்தால் சிபிகே எகிறும். தைராய்டு குறைந்தாலும் டி குறைந்தாலும் கால் வலிக்கும், பழி மாத்திரை மேல் விழும். "உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாமல் பலம் போச்சுன்னாலோ, சிறுநீர் டிகாக்ஷன் நிறத்தில் போனாலோ, அன்றைக்கே ஓடி வரணும்" என்றார். அது வெறும் பயமுறுத்தல் இல்லை. இதே குடும்பத்தைச் சேர்ந்த செரிவாஸ்டாடின் என்ற மருந்தைத் தசைச் சிதைவு காரணமாகத்தான் 2001இல் சந்தையிலிருந்து எடுத்தார்கள்.

பிறகு அவர் ஒரு ஆராய்ச்சியைச் சொன்னார். சாம்சன் என்று பெயர். லண்டன் இம்பீரியல் கல்லூரிக்காரர்கள் செய்து 2020இல் வெளியிட்டது. பக்க விளைவு தாங்காமல் ஸ்டாடினை நிறுத்திவிட்ட அறுபது பேரைப் பிடித்தார்கள். ஆளுக்குப் பன்னிரண்டு பாட்டில், மாதம் ஒன்று. நாலில் மருந்து, நாலில் மருந்தே இல்லாத போலி மாத்திரை, நாலு காலி. அன்றன்றைய அவஸ்தைக்கு நூற்றுக்கு எத்தனை மார்க் என்று தினமும் செல்போனில் பதிய வேண்டும். காலி பாட்டில் மாதங்களில் சராசரி 8. மருந்து மாதங்களில் 16.3. பார்த்தீர்களா என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். போலி மாத்திரைக்கு 15.4 என்றார். மறுபடி சரிந்து உட்கார்ந்தேன்.

"அப்போ எல்லாம் என் கற்பனையா?"

"இல்லை சார். அவங்களுக்கு நிஜமாவே வலிச்சது. மாத்திரை முழுங்கறோம்கிற நினைப்பே பெரும்பகுதி வேலையைப் பண்ணிடறது. இதைச் சொன்னப்புறம் அதில் பாதிப் பேர் மறுபடி மருந்தை ஆரம்பிச்சுட்டாங்க."

எனக்கு இது ஆபீஸ் பாஷையில்தான் புரிந்தது. காகிதம் அசல், கையெழுத்து அசல், கோத்திருக்கிற ஃபைல்தான் வேறே. பிற்பாடு தேடிப் பார்த்தேன். 2022இல் லான்செட் இதழில், ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் கணக்கு வந்திருந்தது. தசைவலி சொன்னவர்கள் மருந்துக்காரர்களில் 27.1 சதவீதம், போலிக்காரர்களில் 26.6. ஐம்பதைத் தாண்டினால் நாலில் ஒருவனுக்கு எப்படியும் எங்காவது வலிக்கத்தான் செய்கிறது, சீட்டு படித்தவன் அதற்குப் பெயர் வைக்கிறான், அவ்வளவே. ஒரு சிலருக்கு நிஜமாகவே இந்த மருந்து ஒத்துக்கொள்வதில்லை. அந்தச் சிலரில் நான் இல்லை என்பதற்கு என்ன அத்தாட்சி?

டாக்டரைக் கேட்டுக்கொண்டு நாலு வார சோதனை ஒன்றை வீட்டில் தொடங்கினேன். இரண்டு வாரம் மருந்து, இரண்டு வாரம் இல்லை. எது எப்போது என்று எனக்குத் தெரியக் கூடாது. போலி மாத்திரைக்கு எங்கே போவது? மனைவி வழி சொன்னாள். தினமும் இரவு சின்ன வெல்ல உருண்டை, கடிக்காமல் முழுங்க வேண்டும். பூரணம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத கொழுக்கட்டை. இங்கே உள்ள தமிழ்ப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ரிட்டயரான அடுத்த பிளாக் மாமி, வாரங்களை இஷ்டத்துக்குத் தேர்ந்தெடுக்கக் கூடாது, குலுக்கித்தான் எடுக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பிள்ளையார் முன்னால் திருவுளச் சீட்டு போடப்பட்டது. லண்டனில் கம்ப்யூட்டர் செய்த வேலை.

தினமும் பத்துக்கு எத்தனை என்று நான் வலிக்கு மார்க் சொல்வேன். அவள் தினசரிக் காலண்டர் தாளில் குறித்துக்கொண்டு, மறுநாள் கிழித்து, கரண்ட் பில்லோடு சேர்த்துக் கம்பியில் குத்தி வைப்பாள்.

நாலாவது வார முடிவில் கம்பி இறக்கப்பட்டது. உச்சபட்ச மார்க் 8, இரண்டாவது வாரம். "வெறும் வெல்லம்" என்றாள். அந்த வாரம்தான் மாம்பலத்திலிருந்து அவள் அக்கா குடும்பம் வந்திறங்கியது. தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலிருந்து ஐந்து பெட்டிகளையும் ஒரு ஊறுகாய் ஜாடியையும் இறக்கி மேல் மாடி வரை ஏற்றியவன் நான். மிகக் குறைந்த மார்க் 1. அன்றைக்கு மாத்திரை உள்ளே இருந்திருக்கிறது. அகவிலைப்படி அறிவித்த நாளும் அதுதான்.

ரத்தப் பரிசோதனையில் சிபிகே, தைராய்டு இரண்டும் ஒழுங்கு. வைட்டமின் டி பாதாளத்தில். கொலஸ்ட்ராலுக்குப் போய், வெயில் போதவில்லை என்று தெரிந்துகொண்டு வந்தேன். இப்போது அதற்கு வாரம் ஒரு மாத்திரை. அதோடு மத்தியானத்தில் ஆபீஸ் புல்வெளியில், சக ஊழியர்களோடு வேர்க்கடலை உரித்துக்கொண்டு வெயிலில் உட்கார்வதற்கு ஒரு மருத்துவக் காரணமும் கிடைத்துவிட்டது. அடோர்வாஸ்டாடின் தொடர்கிறது. மார்ச்சில் எல்டிஎல் 108. கால் எப்போதாவது வலிக்கிறது, அப்போதெல்லாம் தேங்காயை எண்ணிப் பார்க்கிறேன்.

போன மாதம் மனைவிக்கும் செக்கப் ஆயிற்று. அவள் எல்டிஎல் 191. அதே டாக்டர், அதே மாத்திரை, அதே கடை. டப்பாவும் புதிது. வீட்டுக்கு வந்ததும் அவள் சீட்டை வெளியே எடுத்தாள், பிரிக்கக்கூட இல்லை, ஆடுகிற கிரைண்டர் ஸ்டூலின் கால் அடியில் சொருகிவிட்டு மாத்திரையை முழுங்கி, விளக்கை அணைத்துப் படுத்தாள்.

மூன்றாம் நாள் கேட்டேன், "கெண்டைக்கால் எப்படி இருக்கு?"

"எனக்கென்ன, நன்னாத்தான் இருக்கு."

எனக்குத்தான் அன்று ராத்திரி இரண்டு கெண்டைக்காலும் வலித்தது.