டிரவுட் துரை

ஸ்காட்லாந்தின் வடமேற்கு மூலையில் அசின்ட் என்றொரு வட்டாரம். பாறை, சதுப்பு, நடுவே ஓர் ஏரி. அதைத் தாண்டினால் இன்னோர் ஏரி. அங்கே மே மாதத்துக் குளிரில், இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடி ஒருவர் வானத்தைச் சாட்டையால் அடித்துக்கொண்டிருந்தால் பயப்பட வேண்டாம். புத்தி சரியாகத்தான் இருக்கிறது. ஊரில் அவர் பல் மருத்துவராகவோ வங்கி மேலாளராகவோ இருப்பார். இப்போது டிரவுட் மீன் பிடித்துக்கொண்டிருக்கிறார். வீட்டில் அப்படித்தான் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

இவரை டிரவுட் துரை என்று வைத்துக்கொள்வோம். மீனவர் என்று சொல்லிவிட முடியாது. மீனவர் என்றால் சாயங்காலம் மீனோடு திரும்ப வேண்டும்; துரைக்கு அப்படி எந்த நிர்ப்பந்தமும் இல்லை.

நம் குளக்கரையில் தூண்டில் போடுகிறவருக்கு ஒரு மூங்கில் கழி, கொஞ்சம் தங்கூசி, ஒரு முள், ஒரு மண்புழு இருந்தால் போதும். துரையிடம் மண்புழு என்று வாய் தவறியும் சொல்லிவிடாதீர்கள். நிஜப் புழுவைத் தின்னக் கொடுத்துப் பிடிப்பது அவர் அகராதியில் மோசடி. முள்ளில் இறகையும் மயிரையும் சுற்றி, ஈ என்று நம்ப வைத்துப் பிடிப்பதுதான் நேர்மை. இந்த நியாயம் மீனுக்குத் தெரியுமா என்று கேட்டால் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்.

இந்தப் பொய் ஈயில் ஒரு சிக்கல் உண்டு. அதற்கு எடையே கிடையாது. மற்றத் தூண்டில்களில் முனையில் ஈயக்குண்டு இருக்கும். வீசினால் அது நூலை இழுத்துக்கொண்டு போகும். இங்கே தலைகீழ். நூலையே தடிமனாகச் செய்து, அதன் கனத்தால் ஈயை இழுத்துக்கொண்டு போகச் செய்ய வேண்டும். அதற்காகத்தான் அந்தச் சாட்டையடி. கடிகார முகத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, கோலைப் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவே முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும் என்பது பாடம். முழங்கை விலகாமலிருக்க அக்குளில் ஒரு புத்தகத்தை இடுக்கிக்கொண்டு பழகச் சொன்ன வாத்தியார்களும் உண்டு. இத்தனையும் சரியாகச் செய்தால் ஈ தண்ணீரில் பூப்போல இறங்கும். செய்யாவிட்டால் பின்னாலிருக்கும் புதரிலோ, துரையின் காதிலோ இறங்கும். அவருடைய முள்ளில் அதிகம் மாட்டியவை எவை என்று நியாயமாகக் கணக்கெடுத்தால் மீனுக்கு மூன்றாவது இடம்தான் கிடைக்கும்.

ஈப்பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அன்றைய பொழுது போய்விடும். வரிசை வரிசையாக நூற்றுக்கணக்கில் இருக்கும். கௌதாரி இறகு, முயல் காது மயிர், ஃபெசன்ட் வால், நம் முருகனுடைய மயிற்பீலி எல்லாம் அதில் அடக்கம். ஒவ்வொன்றுக்கும் பெயர், வம்சம், வரலாறு. ‘கிரீன்வெல்ஸ் குளோரி’ என்ற ஈ 1854-ல் கிரீன்வெல் என்ற பாதிரியாருக்காக ட்வீட் ஆற்றங்கரையில் கட்டப்பட்டது. ‘பீட்டர் ராஸ்’ ஒரு கடைக்காரர் பெயரில் வந்தது. கொள்ளுத் தாத்தாவின் பெயர் தெரியாத துரைக்கும் இது தலைகீழ்ப் பாடம். இத்தனை ஈ இருந்தும் அவர் நூலில் கட்டுவது எப்போதும் அதே இரண்டு மூன்றுதான். மற்றவை பெட்டிக்குள் இருந்தபடியே ஓய்வூதியம் பெறுகின்றன.

அந்தப் பெட்டியில் நம் பங்கும் உண்டு. தென்னிந்தியக் காடுகளின் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலுக்குக் கழுத்து இறகில் மெழுகு பூசினாற்போல மஞ்சளும் வெள்ளையுமாகப் புள்ளிகள் இருக்கும். ஈயின் பக்கத்தில் வைத்துக் கட்டினால் கண் மாதிரித் தெரியும். அதற்காக அந்தச் சேவல்களின் கழுத்துத் தோல்கள் ஒரு காலத்தில் கப்பல் கப்பலாகச் சீமைக்குப் போயின. பிறகு இந்தியா ஏற்றுமதியைத் தடை செய்துவிட்டது. துரை அசரவில்லை. நம் காட்டுச் சேவலை இங்கிலாந்துக் கொட்டகைகளில் வளர்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

இறகு அங்கே போனதற்குப் பதிலாக மீன் இங்கே வந்தது. சாம்ராஜ்யத்தை ஆள அனுப்பப்பட்ட துரைக்கு எந்த நாட்டிலும் முதலில் கண்ணில் படுவது டிரவுட் இல்லாத ஆறுதான். அதை அவரால் பொறுக்க முடிந்ததில்லை. ஆஸ்திரேலியப் பக்கம் முட்டைகளை அனுப்பிய முதல் முயற்சிகள் வழியிலேயே செத்துப்போயின. 1864-ல் நார்ஃபோக் என்ற கப்பலில், பாசியில் பொதிந்து பனிக்கட்டிக்கு நடுவே வைத்து, ஏறக்குறைய மூன்று மாதப் பயணத்தில் கொண்டுபோய், டாஸ்மேனியாவில் குஞ்சு பொரிக்க வைத்தார்கள். உண்மையில் அந்தக் கப்பலின் மாப்பிள்ளை சால்மன். முட்டைகளில் பெரும்பகுதி அதுதான். டிரவுட் கூட வந்த தோழன். குஞ்சு பொரித்த சால்மன் கடலுக்குப் போனது, திரும்பவே இல்லை. தோழன் வீட்டோடு தங்கிவிட்டான்.

நீலகிரியிலும் இதே பிடிவாதம். 1860-களில் ஃபிரான்சிஸ் டே என்ற மருத்துவர் முயன்று தோற்றார். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹெச்.சி. வில்சன் வந்து அவலாஞ்சியில் பொரிப்பகம் கட்டி, ரெயின்போ டிரவுட்டை மலை ஓடைகளில் குடியேற்றினார். ரயிலும் சாலையும் எதற்காகப் போட்டார்கள் என்று நம் வரலாற்றாசிரியர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். மீனை எதற்காகக் கொண்டுவந்தார்கள் என்பதில் மட்டும் சண்டையே இல்லை: ஞாயிற்றுக்கிழமை பொழுது போகவில்லை.

துரைமார்களுக்குள் ஒற்றுமை இருக்கும் என்று நினைத்தால் தப்பு. ஈ தண்ணீரின்மேல் மிதக்க வேண்டுமா, உள்ளே மூழ்க வேண்டுமா என்பதில் வடகலை, தென்கலை போலப் பிரிந்து கிடக்கிறார்கள். 1857-ல் ஸ்டூவர்ட் என்ற எடின்பரோக்காரர், மூழ்கும் ஈயை நீரோட்டத்துக்கு எதிராக வீச வேண்டும் என்று புத்தகம் போட்டார். 1886-ல் தெற்கு இங்கிலாந்தின் ஹால்ஃபோர்ட், மிதக்கும் ஈக்குச் சாஸ்திரமே எழுதிவிட்டார். அவருடைய சீடர்களுக்கு மற்றதெல்லாம் ஆசாரக் குறைவு. பிறகு ஸ்கூஸ் என்ற வழக்கறிஞர், ஈயாக மாறாத புழுப்பருவத்தைப் போலக் கட்டி மூழ்கவிட்டால் என்ன என்று கேட்டார். அது தர்மமா அதர்மமா என்று 1938-ல் லண்டன் கிளப் ஒன்றில் பெரியவர்கள் கூடி விவாதமே நடத்தினார்கள். அந்த வருஷம் ஐரோப்பா இருந்த இருப்பில் அவர்களுக்கு வேறு கவலை இல்லாமல் போனது ஒரு கொடுப்பினைதான்.

சரி, மீன்? அசின்ட் ஏரிகளின் தண்ணீர் கரிய சதுப்பில் ஊறி வருவது. அமிலத்தன்மை அதிகம், இரை குறைவு. ஆகவே காட்டு டிரவுட் ஒரு சாண் நீளம் வளர்ந்தாலே பெரிய மனுஷன். மூன்றைச் சேர்த்து நிறுத்தால் ஒரு ராத்தல் வரும். ஆனால் எங்கோ ஆழத்தில் மற்ற மீன்களைத் தின்று கொழுத்த கிழட்டு டிரவுட் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. 2002-ல் லாக் ஆவ் என்ற ஏரியில் 31 ராத்தலைத் தாண்டிய ஒன்று பிடிபட்டது. அதுவும் துரையின் ஈக்கு மயங்கிய மீன் இல்லை. அந்த ஜாதி ஈயைத் திரும்பியும் பார்க்காது. அதனால் என்ன? அன்றிலிருந்து ஒவ்வொரு துரையின் கையை விட்டும் தப்பிப்பது அதன் தம்பிதான்.

தப்பித் தவறி ஒன்று மாட்டினாலும் சமையலறை வரை அது வருவதில்லை. முள்ளின் நுனியில் மீனைப் பிடித்து நிறுத்தும் எதிர்முள் இருக்கிறதே, அதைக் குறட்டால் நசுக்கிவிட்டுத்தான் வீசுகிறார். மீனுக்கு வலிக்கக் கூடாதாம். பிடித்ததும் கையை நனைத்துக்கொண்டு, தண்ணீரை விட்டு அதிகம் தூக்காமல், மெல்ல விட்டுவிடுவார். நடுவில் ஒரு புகைப்படம். அதில் மீனைக் காமிராவை நோக்கி இரு கையாலும் நீட்டிப் பிடிப்பார். அரை ராத்தல் மீன் ஆட்டுக்குட்டி மாதிரித் தெரியும். ராமேசுவரத்துக் கரையில் வலை காயப்போடும் ஒரு தாத்தாவிடம் இதை விவரித்தால், “ஏந்தம்பி, அந்த ஊர்ல ஆசுபத்திரி இல்லையா?” என்று உண்மையான கவலையோடு கேட்பார்.

தாத்தாவுக்குப் புரியாதது, துரை பிடிக்க வந்தது மீனையே அல்ல என்பது. அவர் பிடிப்பது காரணம். அதில் அவர் ஒருநாளும் வெறுங்கையோடு திரும்பியதில்லை. கிழக்குக் காற்று அடித்தால் மீன் எழும்பாது. வெயில் வந்தால் ஆழத்துக்குப் போய்விடும். மழை கொட்டினால் ஆறு கலங்கிவிடும், கொட்டாவிட்டால் வற்றிவிடும். காற்றே இல்லாவிட்டால் தங்கூசி மீனின் கண்ணில் பட்டுவிடும். போதாக்குறைக்கு மிட்ஜ் என்ற கொசுவுக்குத் தங்கை ஒன்று மேகமாக வந்து பிடுங்கும். காற்று அடித்தால் அது ஓடிவிடும். கூடவே படகும் ஓடிவிடும். சில ஏரிகளில் மே ஈ கூட்டம் கூட்டமாகப் புறப்படும் இரண்டு வாரத்தில் மடையன்கூட மீன் பிடிக்கலாம் என்பது அவர்கள் வாக்கு. அப்போதும் துரைக்கு ஒன்றும் விழாது. கேட்டால், “ஆயிரம் நிஜ ஈ மிதக்கும்போது என்னுடைய ஒன்று எப்படிங்க கண்ணில் படும்?” என்பார். மறுக்க முடியாது.

இரவு விடுதியில் இரண்டு துரைகள் சந்தித்தால் இப்படிப் போகும் பேச்சு:

“காலையில் எப்படி?”

“ஒன்று வந்தது. பார்த்தது. போய்விட்டது.”

“பெரியதோ?”

“சின்னதாக இருந்தால் போயிருக்குமா?”

எதிரில் இருப்பவர் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலில் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது: உன் மீனை நான் நம்புகிறேன், என் மீனை நீ நம்பு. பொய்யே சொல்லாத பல் மருத்துவர், வாடிக்கையாளரின் ஒரு பைசா விடாமல் கணக்குப் பார்க்கும் வங்கி மேலாளர், இந்த மேசைக்கு வந்தால் மட்டும் அளவுகோலை வெளியே வைத்துவிட்டுத்தான் உட்காருவார்கள்.

மார்ச் 15-ல் தொடங்கி அக்டோபர் 6-ல் அங்கே பருவம் முடிந்துவிடும். மீதி மாதங்களில் துரை அடுத்த வருஷத்துக்கான ஈக்களைக் கட்டியபடி வீட்டிலேயே இருப்பார். உலகத்திலேயே நல்ல காற்றும் நல்ல தண்ணீரும் நல்ல வெளிச்சமும் ஒன்றாக அமைவது அந்த மாதங்களில்தான். அனுபவஸ்தர் அவரே சொல்கிறார்.

எப்போதாவது இவரை ரயிலிலோ கல்யாண வீட்டிலோ சந்திக்க நேர்ந்தால், “எத்தனை மீன் கிடைத்தது?” என்று கேட்டு மனத்தை நோகடிக்காதீர்கள். “காற்று எந்தப் பக்கம்?” என்று கேளுங்கள். கேட்பதற்கு முன்னால் சாப்பாட்டை மட்டும் முடித்துக்கொள்ளுங்கள்.