எல்லாம் பெல்ஜியம்தான்

சாத்தான்குளம் பக்கம் பழைய வீட்டு அலமாரியில் வண்ணக் கண்ணாடிப் பூச்சாடி ஒன்று இருந்தால், அதைச் செய்தவர் யாரென்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை.

"அண்ணாச்சி, இது எந்த ஊர்ச் சரக்கு?"

"பெல்ஜியம்லா! தாத்தா கொழும்புல இருந்து கொண்டாந்தது."

முடிந்தது ஆராய்ச்சி. கண்ணாடிக்குப் பேர்போன வெனிஸ் பக்கத்து முரானோ, செக் நாட்டுப் பொகீமியா, நம் ஃபிரோசாபாத் எல்லாம் ஒரே வாக்கியத்தில் பெல்ஜியத்துக்குக் குடியேறிவிடும்.

முத்திரை இல்லையே என்றால், "அந்தக் காலத்துல எவன் பேரு போட்டான்?" என்பார்கள். அதில் பாதி உண்மை. பொகீமியாவின் புகழ்பெற்ற லோட்ஸ் ஆலையே பெரும்பாலான சாடிகளில் பெயர் பொறிக்கவில்லை. இறக்குமதிச் சரக்கில் நாட்டின் பெயர் வேண்டும் என்று 1891 முதல் அமெரிக்கா கறாராகச் சொன்ன பிறகுதான் பலருக்குச் சொந்த நாடு ஞாபகம் வந்தது.

சாடியைக் கவிழ்த்தால் கொஞ்சம் சங்கதி தெரியும். செய்யும்போது சாடியைப் பிடித்திருந்த கம்பியை ஒடித்தெடுத்த தழும்பு அடியில் இருந்தால் கைவேலை. பக்கவாட்டில் தையல்போல் கோடு ஓடினால் அச்சுவேலை. புற ஊதா விளக்கில் பச்சையாகப் பளிச்சிட்டால் யுரேனியம் கலந்தது. இவ்வளவு பார்த்தும் பெயர் சிக்கவில்லையா? 'செய்தவர் தெரியவில்லை' என்று எழுதிவையுங்கள். விலை குறையும், பெல்ஜியத்தின் பாரமும் குறையும்.